ஓஏஇ பாஸ், பெரா ஃபெயில், ரிப்போர்ட்ல ஓடோஃபெர்லின் ஜீன்னு வந்திருக்கு. இம்ப்ளான்ட் வைக்கவா, ஜீன் தெரபிக்கு காத்திருக்கவா?

நிலாம்மா, திண்டுக்கல்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா எழுதுறேன், பொறுமையா படிச்சு பதில் சொல்லுங்க.

என் பாப்பாவுக்கு இப்ப 14 மாசம். பொறந்த மூணாவது நாளு ஆஸ்பத்திரியில காதுல சின்ன ரப்பர் மொட்டு மாதிரி வச்சு ஓஏஇ டெஸ்ட் எடுத்தாங்க, ரெண்டு காதும் பாஸ்னு தடுப்பூசி கார்டுலயே எழுதிக் குடுத்துட்டாங்க. அந்தக் கார்ட நம்பித்தான் இத்தனை மாசமும் இருந்தோம். ஆனா ஆறு மாசத்துலயே எனக்கு மனசு ஒரு மாதிரி இருந்துச்சு, குக்கர் விசில் அடிச்சா திரும்ப மாட்டா, பின்னாடி நின்னு கூப்பிட்டா ஒண்ணும் இல்ல, முன்னாடி வந்து மூஞ்சியக் காட்டினா அப்படி ஒரு சிரிப்பு சிரிப்பா. தீபாவளிக்கு பக்கத்து வீட்டுல ஆயிரம் வாலா வெடிச்சாங்க, இவ தொட்டில்ல அசையாம தூங்கிட்டு இருந்தா. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. மாமியார் "நம்ம வீட்டுல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவாங்க, மிஷினே பாஸ்னு சொல்லியாச்சு"ன்னு சொன்னாங்க.

போன மாசம் மதுரைக்கு கூட்டிட்டுப் போயி தூங்க மருந்து குடுத்து பெரா எடுத்தோம், சத்தம் குடுத்து காது நரம்புல அலை வருதான்னு பாக்குற டெஸ்ட். 90 டெசிபல் குடுத்தும் ரெண்டு பக்கமும் அலையே வரல. ஆனா அதே நாள்ல திரும்ப ஓஏஇ எடுத்தா அது பாஸ்! டாக்டர் ஆடிட்டரி நியூரோபதி, அதாவது காதுல இருந்து நரம்பு வழியா மூளைக்கு சேதி சரியா போகலன்னு சொல்லி ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க, ஓடோஃபெர்லின், சுருக்கமா ஓடிஓஎஃப்னு ஒரு ஜீன்ல ரெண்டு காப்பியும் பழுதுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. என் வீட்டுக்காரர் எனக்கு சொந்த மாமா பையன், அதனாலதான்னு சொல்றாங்க.

இப்ப குழப்பம் என்னன்னா, டாக்டர் காக்லியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கருவிய, சீக்கிரம் வைக்கணும்ங்கிறாரு. என் தம்பி நெட்ல பாத்துட்டு, இதே ஜீனுக்கு சீனாவுலயும் அமெரிக்காவுலயும் ஒரே ஊசியில காது கேக்க வச்சிட்டாங்க, இம்ப்ளான்ட் வச்சா காது உள்ள கெட்டுப்போயிரும், அப்புறம் அந்த ஊசி போட முடியாது, காத்திருங்கன்னு சொல்றான். இதுக்கு நடுவுல ஒரு சென்டர்ல இருந்து போன் பண்ணி ஸ்டெம் செல் ஊசி மூணு போட்டா நரம்பு வளந்துரும், 4 லட்சம்ங்கிறாங்க. நகைய வச்சாவது போட்டுறலாமான்னு வீட்டுல பேச்சு ஓடுது. என்ன பண்றதுன்னே தெரியல.

---

முகிலனோட அப்பா, நாகர்கோவில்

தங்கச்சி, முதல்ல அந்த ஸ்டெம் செல் ஆளு நம்பர பிளாக் பண்ணுங்க. எங்களுக்கும் இப்படி போன் வந்துச்சு, நாங்க கொஞ்சம் முன்பணமே கட்டிட்டோம், அது போனது போனதுதான், பணத்த விட அதுல போன நாலு மாசம்தான் இன்னைக்கும் நெஞ்ச அறுக்குது.

எங்க பையனுக்கு வேற ஜீன், ஆனா பொறவியிலயே கேக்காது. 2 வயசு 3 மாசத்துல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு காதுக்கு இம்ப்ளான்ட் வச்சோம், 6 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் அது, அதனால கார்டு, வருமான சான்றிதழ் எல்லாம் இப்பவே எடுத்து வைங்க. மிஷின முதல் தடவ சுவிட்ச் ஆன் பண்ணுன அன்னைக்கு வீடியோவுல வர்ற மாதிரி சிரிப்பான்னு நெனச்சேன், அவன் பயந்து அழுதான், அப்புறம் ரெண்டு வாரம் தலையில ஒட்டியிருக்கிற அந்த மிஷின் காயில பிச்சுப் பிச்சு எறிஞ்சான். எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் நான் செருப்பக் கழட்டிட்டு உள்ள வரும்போது முதுகு காட்டிட்டு விளையாடிட்டு இருந்தவன் திரும்பி "ப்பா"ன்னான். இத எழுதும்போதே கண்ணு கலங்குது எனக்கு.

ஆனா ஆபரேஷன் ஒரு நாள் வேலை, மிச்சம் எல்லாம் தெரபிதான். வாரத்துல ரெண்டு நாள் சென்டர், மீதி நேரம் வீடு. காலையில எழுந்ததும் வாயை மறைச்சுக்கிட்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் இந்த ஆறு சத்தமும் சொல்லி கேக்குதான்னு பாக்கணும், ஒரு சத்தத்துக்கு திரும்பலன்னா மிஷின்லயோ மேப்பிங்லயோ (அதோட செட்டிங்) கோளாறுன்னு அர்த்தம். எங்க ஊரு ஈரக்காத்துக்கு ராத்திரி டிரை பாக்ஸ்ல போடாம விட்டா பிராசசர் (வெளிய மாட்டுற மிஷின்) மக்கர் பண்ணும். ஒயர், காயில், பேட்டரி எல்லாம் வாரண்டி முடிஞ்சப்புறம் கைக்காசுதான், மாசாமாசம் ஒரு தொகைய ஒதுக்கி வைக்கிற பழக்கத்த இப்பவே ஆரம்பிச்சிருங்க.

---

ஆடியாலஜிஸ்ட் திருச்சி

நிலாம்மா, உங்க சந்தேகம் சரியா இருந்திருக்கு, ஆறு மாசத்துலயே புடிச்சிட்டீங்க. கார்டுல பாஸ்னு இருந்தும் கேக்கலன்னு வர்ற அம்மாக்கள வருஷத்துக்கு ரெண்டு மூணு பேரையாவது நான் பாக்குறேன், இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு கொஞ்சம் விளக்கமா எழுதுறேன்.

நத்தைக்கூடு மாதிரி இருக்கிற காக்லியாவுக்குள்ள முடி செல்கள்னு ரெண்டு வகை இருக்கு. வெளி வரிசை செல்கள் ஒரு காதுல சுமார் 12,000, உள் வரிசை செல்கள் சுமார் 3,500. வெளி வரிசை வர்ற சத்தத்த பெருக்கிக் குடுக்குற வேலைய செய்யுது, அப்படி செய்யும்போது அதுவே ஒரு மெல்லிசான சத்தத்த திருப்பி வெளிய விடும். 1978-ல லண்டன்ல டேவிட் கெம்ப் அதை மைக் வச்சு பதிவு பண்ணிக் காட்டினாரு, ஓஏஇ டெஸ்ட்டே அதுல இருந்து வந்ததுதான். அதாவது ஓஏஇ பாஸ்னா வெளி வரிசை நல்லா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். நரம்புக்கு சேதி குடுக்கிறது உள் வரிசை, அதுக்கு மேல நடக்குறத ஓஏஇ பாக்கவே பாக்காது. பெரா நரம்புல இருந்து மூளைத்தண்டு வரைக்கும் போற மின் அலையப் பாக்குது. உங்க பாப்பாவுக்கு வெளி வரிசை ஓடுது, உள் வரிசை நரம்புக்கு கைமாத்தி விடுற இடத்துல வேலை நின்னுருக்கு, அதனாலதான் ஒண்ணு பாஸ் ஒண்ணு ஃபெயில். இன்னும் சில வருஷத்துல அந்த ஓஏஇயும் போயிரலாம், அப்ப பயப்பட வேண்டாம், ஓடிஓஎஃப் பிள்ளைகளுக்கு அது சகஜம்.

என்ஐசியூல (பச்சக்குழந்தைங்க ஐசியூ) இருந்த குழந்தைகளுக்காவது ஓஏஇயோட நிறுத்தாம ஏபிஆர் (பெராவோட இன்னொரு பேரு) ஸ்க்ரீனிங்கும் பண்ணணும்னு வழிகாட்டுதலே இருக்கு. 1 மாசத்துல ஸ்க்ரீனிங், 3 மாசத்துல உறுதி, 6 மாசத்துல சிகிச்சைன்னு ஒரு கணக்கு வச்சிருக்கோம். நீங்க 14 மாசத்துல வந்திருக்கீங்க, தாமதம்தான், ஆனா கைமீறிப் போயிடல.

இப்ப முக்கியமான விஷயம். ஆடிட்டரி நியூரோபதின்னு எழுதினாலே சிலர் இம்ப்ளான்ட் வேலை செய்யாதுன்னு பயமுறுத்துவாங்க. நரம்பே மெலிஞ்சோ இல்லாமலோ இருந்தா பலன் கம்மிதான், அது உண்மை. ஆனா ஓடிஓஎஃப்ல நரம்பு நல்லா இருக்கு, பழுது நரம்புக்கு முன்னாடி. இம்ப்ளான்ட் அந்த பழுதான இடத்த தாண்டிப் போயி நேரா நரம்புக்கே கரண்ட் குடுக்குது. அதனால இந்த ஜீன் பிள்ளைகளுக்கு இம்ப்ளான்ட் நல்லாவே பலன் தருது. ஜீன் ரிப்போர்ட் கையில இருக்கிறது உங்களுக்கு வரம்னே சொல்வேன்.

காத்திருக்கலாமான்னு கேட்டா, என் பதில் வேண்டாம். சத்தத்த புரிஞ்சுக்கிற மூளைப்பகுதி சும்மா காத்துட்டு இருக்காது, சத்தம் வரலன்னா அந்த இடத்த வேற வேலைக்கு எடுத்துக்கும். அமெரிக்காவுல அனு ஷர்மா குழுவோட ஆராய்ச்சியில, மூன்றரை வயசுக்குள்ள இம்ப்ளான்ட் வச்ச பிள்ளைகளுக்கு மூளையோட பதில் வயசுக்கு ஏத்த மாதிரி சரியாச்சு, 7 வயசுக்கு மேல வச்சவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு சரியாகல. என்னைக் கேட்டா ரெண்டு காதுக்குமே வைக்கணும்பேன், சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியவும் கிளாஸ்ல இரைச்சல்ல டீச்சர் பேசுறது புரியவும் ரெண்டு காது வேணும்.

காய்ச்சல் வந்தா மட்டும் கேக்குறது நின்னு போயி, காய்ச்சல் விட்டதும் திரும்ப கேக்குற ஒரு வகையும் இதே ஜீன்ல உண்டு, பழுது எந்த இடத்துலங்கிறதப் பொறுத்து. பாப்பாவுக்கு அப்படி இல்ல, சாதாரணமா இருக்கும்போதே பெரா வரல.

ஆபரேஷனுக்கு முன்னாடி நிமோகாக்கல் தடுப்பூசி முடிஞ்சிருக்கான்னு கண்டிப்பா பாருங்க, இம்ப்ளான்ட் வச்ச பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் ரிஸ்க் கொஞ்சம் கூட.

---

காக்லியா ஸ்காலர்

நான் வெளிநாட்டுல ஒரு காது ஆராய்ச்சி லேப்ல பிஎச்டி பண்றேன், டாக்டர் இல்ல, எலிக்காதோட நாலு வருஷமா குடித்தனம் பண்றவன். மேடம் சொன்னதோட பெரும்பாலும் ஒத்துப்போறேன், ஒரு இடத்துல மட்டும் வேற கருத்து, கடைசியில சொல்றேன்.

நிலாம்மா, உங்க தம்பி படிச்சது பொய் இல்ல. அந்த ஜீன் செய்யுற புரதத்துக்கு பேரு ஓடோஃபெர்லின், 1999-ல பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல கிறிஸ்டீன் பெட்டி குழு கண்டுபிடிச்சாங்க. உள் வரிசை செல்லுக்குள்ள கெமிக்கல் நிரம்பின குட்டிக்குட்டி பைகள் இருக்கு, சத்தம் வந்ததும் கால்சியம் உள்ள நுழையும், அந்த கால்சியத்த பாத்து "இப்ப கொட்டு"ன்னு பைகள நரம்புப் பக்கம் அவுத்து விடுறது ஓடோஃபெர்லின். அது இல்லன்னா செல் உயிரோட இருக்கும், சத்தத்த உணரவும் செய்யும், ஆனா வாய் கட்டின மாதிரி. செல் சாகாம இருக்கிறதுதான் இந்த ஜீனுக்கு முதல்ல சிகிச்சை வந்ததுக்கு காரணம். பறவைகளுக்கு முடி செல் செத்தா திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது, செத்த செல்லுக்கு ஜீன் குடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல.

சிக்கல் என்னன்னா ஜீன கொண்டு போற வண்டி. ஏஏவின்னு ஒரு தீங்கில்லாத வைரஸ் கூட்டத்தான் வண்டியா வச்சிருக்கோம், அதுல சுமார் 4,700 எழுத்துதான் ஏத்த முடியும், ஓடோஃபெர்லின் ஜீன் சுமார் 6,000 எழுத்து. அதனால ஜீன ரெண்டு பாதியா வெட்டி ரெண்டு வண்டியில அனுப்புறாங்க, ரெண்டும் ஒரே செல்லுக்குள்ள போயி அங்க சேந்து முழுசாகணும். இது நடக்குமான்னே ரொம்ப வருஷம் சந்தேகம் இருந்துச்சு. 2019-ல ரெண்டு குழு தனித்தனியா செவிட்டு எலிகளுக்கு கேக்க வச்சுக் காட்டினாங்க. அந்த பேப்பர்ல பெரா அலை மறுபடி எழுந்து வர்ற படத்த எம்எஸ்சி படிக்கும்போது பாத்துட்டுத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன்.

மனுஷங்களுக்கு முதல் ஊசி 2022 டிசம்பர்ல ஷாங்காய் ஃபூடான் பல்கலைக்கழக கண், காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில. 2024 ஜனவரியில லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ரிப்போர்ட்ல 6 பிள்ளைங்க, ஒரு காதுல மட்டும் ஊசி, 5 பேருக்கு கேட்டுச்சு, 26 வாரத்துல பெரா அளவு 40 முதல் 57 டெசிபல் வரைக்கும் முன்னேற்றம். பக்கவிளைவு பெரும்பாலும் லேசானது. ஒருத்தருக்கு பலனே இல்ல, அதையும் சேத்தே படிக்கணும். அதே நேரம் அமெரிக்காவுல பிலடெல்பியா குழந்தைகள் ஆஸ்பத்திரியில 11 வயசு பையனுக்கு போட்டாங்க. 2025-ல சுவீடனோட கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்டும் சீன ஆஸ்பத்திரிகளும் சேந்து 1 வயசுல இருந்து 24 வயசு வரைக்கும் 10 பேரோட முடிவ வெளியிட்டாங்க, கேக்கத் தேவையான சத்தம் சராசரியா 106 டெசிபல்ல இருந்து 52-க்கு கொறஞ்சுச்சு, 5ல இருந்து 8 வயசுக்குள்ள இருந்தவங்களுக்கு பலன் அதிகம்.

52 டெசிபல்னா முழுசா சரியானது இல்ல, பக்கத்துல உக்காந்து பேசினா கேக்கும், மெல்லப் பேசினா தவறும், சிலருக்கு ஹியரிங் எய்ட் வேணும். ஆனா 106-ல இருந்து அங்க வர்றதுங்கிறது நான் படிக்க ஆரம்பிச்ச காலத்துல கனவு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். இம்ப்ளான்ட் வச்ச பிள்ளைங்கள இந்த ட்ரையல்கள்ல ஒதுக்கிடல, ஷாங்காய்ல சேந்த சிலருக்கு ஒரு காதுல ஏற்கனவே இம்ப்ளான்ட் இருந்துச்சு, ஊசி மறு காதுல. கேம்பிரிட்ஜ் ஆடன்ப்ரூக்ஸ் ஆஸ்பத்திரியில ஒரு வயசு கூட நிறையாத பொண்ணுக்கு ஒரு காதுல ஜீன் ஊசி, அதே ஆபரேஷன்ல மறு காதுல இம்ப்ளான்ட். பாருங்க, ஊசி போட்ட டாக்டர்களே அந்த ஊசிய மட்டும் நம்பி பிள்ளைய விடல.

அதனால என் கருத்து, ஒரு காதுக்கு இம்ப்ளான்ட் இப்பவே, இன்னொரு காத விட்டு வைக்கிறத பத்தி டாக்டரோட உக்காந்து பேசுங்க. இதுலதான் மேடத்தோட எனக்கு வித்தியாசம். எலெக்ட்ரோட் உள்ள போன காதுல மென்மையான செல்கள் அடி வாங்கலாம், வெறுங்காது அப்படியே இருக்கும். 5 வயசுக்கு மேலயும் பலன் வந்திருக்குன்னா அந்தக் கதவு நாளைக்கே மூடப்போறது இல்ல. இன்னொரு விஷயம், ஒரு தடவ ஏஏவி உடம்புக்குள்ள போனா அதுக்கு எதிரா ஆன்டிபாடி ஏறிடும், அடுத்த காதுக்கு பிறகு போடுறது சிக்கல், அதனால எங்கயோ போயி அவசரத்துல ஏதோ ஒரு ஊசிய போட்டுட்டு வந்துறக் கூடாது.

ஸ்டெம் செல் பத்தி: ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்ல தெளிவா இருக்கு, ரத்த சம்பந்தமான சில நோய்களுக்கு தவிர மத்ததுக்கு ஸ்டெம் செல் போடணும்னா அனுமதி வாங்கின ட்ரையல்ல மட்டும்தான், வெளிய காசு வாங்கிட்டு போடுறது முறைகேடு. உண்மையான ட்ரையல்னா சோதனை மருந்துக்கு உங்ககிட்ட காசு கேக்க மாட்டாங்க, சிடிஆர்ஐ (நம்ம நாட்டு ட்ரையல்கள பதிவு பண்ற பட்டியல்) பதிவு நம்பர் இருக்கும், நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கும், புரியுற மொழியில தாள் குடுத்து கையெழுத்து வாங்குவாங்க. அந்த சென்டர்ல சிடிஆர்ஐ நம்பர் கேளுங்க, போன வச்சிருவாங்க.

---

முகிலனோட அப்பா, நாகர்கோவில்

தம்பி ரொம்ப நன்றி, இவ்வளவு தெளிவா யாரும் எங்களுக்கு சொன்னதில்ல. எங்க முகிலனுக்கு ஜிஜேபி2 ஜீன், அதுக்கு இந்த மாதிரி ஊசி வருமா?

---

காக்லியா ஸ்காலர்

அண்ணே, நம்ம நாட்டுல பரம்பரை காது கேளாமைக்கு அதிகமா கிடைக்கிற ஜீன்ல அது ஒண்ணு, நம்ம ஆளுங்களுக்கு டபிள்யூ24எக்ஸ்னு ஒரு மாற்றம்தான் கூடுதலா வரும், ஐரோப்பாவுல வேற மாற்றம். தரமணியில சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதலியார் இன்ஸ்டிட்யூட்ல நம்ம ஊரு குடும்பங்கள வச்சே இத பத்தி வருஷக்கணக்கா ஆராய்ச்சி நடந்திருக்கு. வேலை நடக்குது, ஆனா அது ஓடோஃபெர்லினை விட கஷ்டம். அது முடி செல்லுல இல்ல, சுத்தி இருக்கிற துணை செல்கள்ல, காது உருவாகுற காலத்துலயே வேணும், தப்பான செல்லுல வேலை செஞ்சா கெடுதல். முகிலனுக்கு இம்ப்ளான்ட் வச்சது சரியான முடிவு, அதுல சந்தேகமே படாதீங்க.

---

ஆடியாலஜிஸ்ட் திருச்சி

ஸ்காலர் தம்பி சொன்ன மறு காது விஷயத்துல நான் இன்னும் முழுசா சம்மதிக்கல. விட்டு வச்ச காதுக்கும் மூளையில பாதை வேணும்ல, அஞ்சு வருஷம் சத்தமே போகாத காதுல ஊசி போட்டு பெரால அலை வந்துட்டா மட்டும் பேச்சு புரிஞ்சிறாது, நான் டெஸ்ட் ரூம்ல பாக்குறது பேச்சத்தான். ஆனா காப்பீட்டுல பெரும்பாலும் ஒரு காதுதான் கிடைக்குது, ரெண்டாவது காதுக்கு பல லட்சம் கைக்காசு போடணும், அப்படி இருக்கும்போது நகைய வித்து ரெண்டாவது இம்ப்ளான்ட் வைங்கன்னு நான் சொல்ல மாட்டேன். மறு காதுல ஹியரிங் எய்ட் போட்டுப் பாருங்க, ஓடிஓஎஃப்ல பலன் கம்மியா இருக்கும், ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்னாடி எய்ட் ட்ரையல் எப்படியும் கேப்பாங்க.

---

விரல்மொழி ரேவதி

நான் பொறவியிலயே காது கேளாதவ, பி.காம் முடிச்சு வேலை பாக்குறேன். என் காலத்துல இம்ப்ளான்ட் இல்ல. அக்கா, ஆபரேஷன் நல்லபடியா நடக்கட்டும், மனசார சொல்றேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், ஆபரேஷன் ஆகி பேச்சு வர ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆகும், அதுவரைக்கும் பாப்பாவுக்கு பசிக்குது, வலிக்குது, அம்மா வேணும்னு சொல்ல ஒரு மொழி வேணும். சைகை மொழி கொஞ்சமாவது கத்துக்கோங்க. சைகை காட்டினா பேச மாட்டாள்னு சொல்லி எங்க அம்மாவ தடுத்துட்டாங்க, எனக்கு 9 வயசு வரைக்கும் எங்க வீட்டுல யாரோடயும் முழுசா ஒரு பேச்சு பேசினதில்ல. பேட்டரி தீந்து போச்சுன்னாலும் ராத்திரி மிஷின கழட்டி வச்சாலும் அவ காது கேக்காத பிள்ளைதான், அப்பவும் நீங்க பேசணும் அவகிட்ட.

---

நிலாம்மா, திண்டுக்கல்

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன், வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். ரேவதி எழுதினத படிக்கும்போது மாமியார் எந்திரிச்சுப் போயிட்டாங்க, அப்புறம் வந்து பாப்பாவ தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க, ஒண்ணும் பேசல. ரேவதி, பால், தண்ணி, போதும், இந்த மூணுக்கும் சைகை வீடியோ பாத்து இன்னைக்கு ஆரம்பிச்சிட்டோம்மா.

ஸ்டெம் செல் சென்டர்ல பதிவு நம்பர் கேட்டேன். ஸ்காலர் தம்பி சொன்ன மாதிரியேதான், அந்தம்மா மேனேஜர் கூப்பிடுவாருன்னு வச்சிட்டாங்க, இன்னும் யாரும் கூப்பிடல.

மதுரையில டாக்டர்ட்ட பேசியாச்சு. வலது காதுக்கு இம்ப்ளான்ட், காப்பீட்டுல எழுதிக் குடுத்திருக்காரு, எம்ஆர்ஐ அடுத்த வாரம். இடது காத இப்போதைக்கு விட்டு வைக்கிறோம், எய்ட் போட்டு பாக்கப் போறோம். ஜீன் கவுன்சலிங்கும் போனோம், ரெண்டு பேர்ட்டயும் ஒவ்வொரு பழுது காப்பி இருக்கிறதால அடுத்த குழந்தைக்கும் நாலுல ஒண்ணு வாய்ப்புன்னு படம் போட்டு சொன்னாங்க, இது யாரு தப்பும் இல்லன்னும் சொன்னாங்க, அந்த வார்த்தைய மாமியார் முன்னாடி சொன்னதுக்கு அந்த மேடத்துக்கு கோயில் கட்டலாம்.

இன்னொரு சின்ன சந்தேகம், கேக்கவே கூச்சமா இருக்கு. பாப்பாவுக்கு இன்னும் காது குத்தல. குலதெய்வக் கோயில்ல மொட்டை போட்டு தாய்மாமன் மடியில உக்கார வச்சு குத்தணும்னு என் தம்பி ஒரு வருஷமா கம்மல் வாங்கி வச்சிட்டு காத்திருக்கான். ஆபரேஷனுக்கு முன்னாடி குத்தலாமா?

---

ஆடியாலஜிஸ்ட் திருச்சி

இதுல கூச்சப்பட என்ன இருக்கு, எல்லா அம்மாவும் கேப்பாங்க. குத்துற மடலுக்கும் உள்காதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா ஆபரேஷன் காதுக்குப் பின்னாடி வெட்டித்தான் பண்ணுவாங்க, பக்கத்துல புது புண்ணு இருந்து சீழ் வச்சா தேதி தள்ளிப் போகும். ஆபரேஷனுக்கு நாள் நெருங்கியிருந்தா இப்ப வேண்டாம், தையல் நல்லா ஆறி சுவிட்ச் ஆன் எல்லாம் முடிஞ்சப்புறம் சர்ஜன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு குத்துங்க. மொட்டை தாராளமா இப்பவே போடுங்க.

---

நிலாம்மா, திண்டுக்கல்

அப்ப மொட்டை இந்த வெள்ளிக்கிழமையே போட்டுறோம். காது குத்து சுவிட்ச் ஆனுக்கு அப்புறம்னு தம்பிட்ட சொன்னேன், சரிக்கா, கோயில் மணி சத்தம் கேட்டுட்டே குத்திக்கட்டும்னான்.